செந்தாரும் பட்ட மரமும்

சங்கப் புலவர்கள் கிளிக்குத் தரும் ‘செந்தார்’ என்னும் அடையைப் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். சிவந்த மாலை போன்ற கழுத்துக்கோடு என்று பொருள் கூறிக் கடந்துவிடுவேன். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்கள் வீட்டுக் கிளிக்குத் தாரே இல்லையே?” என வினவினார். விடை தெரியாமல் நின்றேன்.

தமிழ்த்துறைச் சாளரத்துக்கு எதிரே, தலையிழந்து நின்ற பட்ட தென்னையில் விடை கிடைத்தது. அதன் பொந்தில் இரு பச்சைக்கிளிகள் குடியேறியிருந்தன. ஒன்றுக்குத் தொண்டையில் கருங்கோடும் பிடரியில் இளஞ்சிவப்பு வளையமும் இருந்தன. மற்றொன்று முழுப் பச்சை. பறவை நூல்களைப் புரட்டினேன். தார் ஆணுக்கே உரியது. அதுவும் ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் தெளிவாகத் தோன்றும்.

கிளி கூடு முடைவதில்லை. மரங்கொத்தி குடைந்து கைவிட்ட துளையை அலகால் அகலப்படுத்தி, மரத்தூளின் மேலேயே முட்டையிடுகிறது. பெரும்பாலும் நான்கு முட்டைகள். மூன்று வாரங்களுக்குமேல் பெட்டை அடைகாக்க, ஆண் இரை கொணர்ந்து அலகோடு அலகு பொருத்தி ஊட்டுகிறது. பொரித்த குஞ்சுகள் பறப்பதற்கு மேலும் ஏழு வாரங்கள் வேண்டும்.

ஆண்டு விழாவுக்காக அம்மரத்தை வெட்ட ஆள் வந்தபோது, ஏப்ரல் முடியும்வரை பொறுத்தருளுமாறு முதல்வர் அவர்களை வேண்டினேன், இசைந்தார்கள். நான் அவ்வாறு வேண்டியதற்கு ஒரு பழைய கடன் காரணம். சிறுவயதில் இத்தகைய பொந்திலிருந்து எடுத்துவந்த குஞ்சொன்றைக் கூண்டில் வளர்த்தேன். அது ஆணா பெண்ணா என நான் அறியவில்லை. தார் தோன்றும் வயதை அது எட்டவேயில்லை.

குஞ்சுகளை எடுத்தோரிடம், அவற்றைத் தாய்ப்பறவையிடமே சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுக்கிளியைப் பிடிப்பதைத் தடுக்கிறது. இரண்டையும் நான் அறிந்திருந்தேன். ஆயினும், என் கூண்டின் நினைவை அவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

அம்மாணவரிடம் நான் கண்ட விடையைச் சொன்னேன். என் குஞ்சின் கதையையும் மறைக்கவில்லை. சில நாள்களில், தம் வீட்டுக் கிளியை வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிட்டதாக வந்து கூறினார்.

ஏப்ரல் இறுதியில் பொந்து வெறுமையாயிற்று. இப்போது ‘செந்தார்’ என்னும் சொல்லை விளக்கும்போது, மாணவர்களைச் சாளரத்தருகே அழைத்துச் செல்கிறேன்.