அமீனாவின் அறிக்கை

காவிரிப் படுகையின் நீதிமன்றங்களில், கோர்ட் கூடுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள் அமீனாக்கள். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அவர்களுக்கு அலுவலகத் தாள்களில் கட்டளைப் பணியாளர் என்று பெயர். ஊரில் இன்னமும் அமீனாதான். சம்மனை வாங்க விரும்பாதவர் பகலில் வீட்டில் இருக்கமாட்டார், இரவில் கதவைத் திறக்கமாட்டார். பால் வாங்கக் கதவு திறக்கும் விடிகாலை நேரம்தான் மிச்சம். அந்த நேரத்தில் அவர்கள் நடக்கும் தெருக்களையும், பிறகு சம்மன்களைக் கவனிக்கும் நாசர் பிரிவில் உட்கார்ந்து அவர்கள் எழுதும் அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: ஒளிகிறவரைக் கண்டுபிடிப்பது இந்தத் தொழிலின் சிறிய பகுதி. அவர் ஒளிந்துதான் கொண்டார் என்று நீதிபதி நம்புகிற அளவுக்கு அதை எழுதிவைப்பதே பெரிய பகுதி. சட்டம் அமீனாவைச் சாட்சியாக மதிக்கிறது. அலுவலக நடைமுறை அவரைத் தபால் கொண்டுபோகிறவராக நடத்துகிறது. ஒளிகிறவர்களுக்குக் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

முகவரியில் இருக்கும் கதவு எண்ணை அமீனா அதிகம் நம்புவதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு; பிராதில் எதைப் போட்டார்கள் என்பது பல நேரம் போட்டவருக்கே தெரியாது. கிராமத்திலோ மேலத்தெரு, கீழத்தெரு என்பதோடு முகவரி முடிந்துவிடும். தகப்பனார் பெயரும் பட்டப்பெயரும்தான் ஆளைக் காட்டும். எனவே விசாரணை டீக்கடையில், ரேஷன் கடையில், சிலிண்டர் போடுகிறவரிடம் தொடங்குகிறது. பிரதிவாதியின் பெயரை நேராகச் சொல்லிக் கேட்டால் அந்தச் செய்தி அமீனாவுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித் தெருவை உறுதிசெய்துகொள்கிறார்கள். வாசலில் கிடக்கும் செருப்புகள், கொடியில் காயும் வேட்டி, நிற்கிற வண்டி, மின் கணக்கீட்டு அட்டையில் கடைசியாகக் குறித்த தேதி எல்லாம் கண்ணில் பட்டபிறகுதான், “அவர் வெளியூர் போயிருக்காருங்க” என்ற பதிலைக் காதில் வாங்குகிறார்கள். எந்த ஊர், என்றைக்குப் போனார், எப்போது வருவார், நீங்க அவருக்கு என்ன உறவு என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக, மரியாதை குறையாமல் வரும். அதட்டினால் கதவு சாத்தப்படும். சாத்திய கதவைத் திறக்கவைக்க சம்மன் கொண்டுபோகிறவருக்கு அதிகாரம் கிடையாது. டிக்ரியை நிறைவேற்ற ஜப்திக்குப் போகிறவர்கூடச் சூரியன் மறைந்தபின் குடியிருப்புக்குள் நுழையக் கூடாது என்கிறது சட்டம். இவரிடம் இருப்பது குரலும் பொறுமையும் மட்டுமே.

ஆள் கிடைக்கவில்லை என்றானபின் என்ன செய்ய வேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5இல் நுணுக்கமாகச் சொல்கிறது. முடிந்தவரை பிரதிவாதியின் கையிலேயே கொடுக்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் வீட்டில் அகப்படமாட்டார் என்றால், அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார். (அந்த உறுப்பினர் பெண்ணாகவும் இருக்கலாம் என்று உரிமையியல் சட்டம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒப்புக்கொண்டது. குற்ற வழக்குச் சம்மனில் வயதுவந்த ஆண் என்ற சொல் நீங்கியது 2024 ஜூலையில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான்.) வாங்க மறுத்தாலோ, உரிய முயற்சிக்குப் பிறகும் அகப்படாவிட்டாலோ 17ஆவது விதியின்படி நகலை வெளிக்கதவில் ஒட்டலாம். ஒட்டினால் மட்டும் போதாது. எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், அந்த வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதைப் பெயர், முகவரியோடு எழுத வேண்டும். அந்த அறிக்கைக்கு அமீனாவின் சத்தியப் பிரமாணம் இல்லையென்றால், 19ஆவது விதிப்படி நீதிமன்றம் அவரைப் பிரமாணத்தின் பேரில் விசாரித்தாக வேண்டும். பிரதிவாதி வேண்டுமென்றே விலகியிருக்கிறார் என்றோ, வேறு காரணத்தால் வழக்கமான முறையில் சம்மனைச் சேர்க்க முடியாது என்றோ நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே 20ஆவது விதியின் மாற்றுவழிச் சார்பும் (சம்மனைச் சேர்ப்பிப்பதற்குக் கோர்ட் மொழியில் சார்பு என்று பெயர்) பத்திரிகை விளம்பரமும் வரும். இத்தனை விதிகளும் கேட்பது ஒரு சாட்சியத்தை. ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: “நேரில் சென்று விசாரித்ததில் ஆள் இல்லை, வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டிச் சார்பு செய்தேன்.” தெருவில் அத்தனை கூர்மையாகப் பார்த்த கண், தாளுக்கு வந்ததும் மூடிக்கொள்கிறது. செருப்பும் வேட்டியும் அதில் இல்லை. பதில் சொன்னவரின் பெயர் இல்லை. ‘அக்கம்பக்கத்தார்’ என்ற சொல் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் முகவரி இல்லை.

இது எழுத்துநடையைப் பற்றிய குறை இல்லை. நீதிபதியின் மேசைக்கு வரும்போது, ஒளிகிறவரும் ஒன்றுமே அறியாதவரும் ஒரே தோற்றத்தில் வருகிறார்கள். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற வரி இருவருக்கும் பொருந்தும். சில வழக்குகளில் மறைகிறவர் பிரதிவாதி இல்லை, வாதிதான் மறைக்கிறார். எதிராளி மாறிப்போய்ப் பல ஆண்டு ஆன முகவரியைத் தெரிந்தே பிராதில் போட்டு, கதவில் ஒட்டவைத்து, அந்தப் பகுதியில் ஒருவரும் வாங்காத நாளிதழின் மூலையில் பொடி எழுத்தில் விளம்பரம் கொடுத்து, ஒருதலைப்பட்சத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாகப்பிரிவினை வழக்குகள் இதற்கு நல்ல நிலம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அதன்பின் அண்ணன் தம்பி வழக்குகளில் சகோதரிகளும் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களின் முகவரி பிறந்த வீடு என்று எழுதப்பட்டால், சம்மனை வாங்கிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அந்த வீட்டில் இருக்கும் சகோதரன். கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் பெண்ணுக்கும் அந்த வீட்டுக்கும் ‘உடன் வசிக்கும் குடும்பம்’ என்ற உறவு கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த அம்மா இப்போ எங்கே குடியிருக்காங்க? கேட்டதும் எழுதியதும் அறிக்கையில் இருந்தால் சார்பு அங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் பங்கு போய்விடும்.

சட்டம் இந்த ஆபத்தை அறிந்தே இருக்கிறது. ஒருதலைப்பட்ச டிக்ரியை நீக்கக் கேட்க, டிக்ரி தேதியிலிருந்து 30 நாள் அவகாசம். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். காலவரையறைச் சட்டத்தின் 123ஆவது உறுப்பு இதைச் சொல்லிவிட்டு ஒரு விளக்கத்தையும் சேர்க்கிறது: மாற்றுவழிச் சார்பு, இந்தக் கணக்குக்கு முறையான சார்பாகக் கருதப்படாது. அதாவது விளம்பரம் கொடுத்து வாங்கிய டிக்ரி, எதிராளி “இன்றுதான் தெரிந்தது” என்று சொல்லும் நாள்வரை திறந்த கதவாகவே கிடக்கும். அன்று நீதிமன்றம் எடுத்துப் பார்க்கப்போவது பழைய அமீனா அறிக்கையைத்தான். 2002இல் சுஷில் குமார் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்த்தபோது, மறுத்துவிட்டார் என்று சொன்ன சார்பு நம்பத் தகுந்ததாக இல்லை, டிக்ரி நீக்கப்பட்டது. வழக்கு நடப்பது தெரியும் என்பது போதாது, விசாரணைத் தேதி தெரிந்திருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒட்டும் நாளில் பத்து வரி கூடுதலாக எழுதாததன் விலையை, நேர்மையான வாதி ஆண்டுகள் கழித்துக் கட்டுகிறார். வழக்கு மீண்டும் முதல் வாய்தாவுக்குத் திரும்புகிறது.

ஒளிகிறவருக்கு ஏன் இவ்வளவு இரக்கம் என்று வாதிகளும் அவர்களின் வக்கீல்களும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் அவர்கள் நினைக்கிற அளவுக்கு இளகியதில்லை. சார்பில் வெறும் முறைகேடு இருக்கிறது என்பதற்காக மட்டும் டிக்ரியை நீக்கக் கூடாது, பிரதிவாதிக்குத் தேதி தெரிந்து, வர நேரமும் இருந்தது என்றால் போதும் என்ற நிபந்தனை 1976 முதல் இருக்கிறது. தபாலில் அனுப்பிய சம்மன் வாங்க மறுத்ததாகத் திரும்பினால் சார்பானதாகவே நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். காசோலை வழக்குகளில் 2007இன் அலவி ஹாஜி தீர்ப்பு, நோட்டீஸ் வரவில்லை என்று சொல்கிறவரைப் பார்த்து, கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியிருக்கலாமே என்று கேட்டுவிட்டது. சம்மனைத் தவிர்க்கத் தலைமறைவாவதே குற்றம். நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் சம்மன் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 206ஆவது பிரிவில் 6 மாதம்வரை வெறுங்காவல் உண்டு. நான் சென்ற இடங்களில், உரிமையியல் வழக்கில் யாரும் இதைத் தொட்டதாகக் கேள்விப்படவில்லை. காரணம் எளிது. அவர் தெரிந்தே ஒளிந்தார் என்று காட்ட வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற வரி அதைக் காட்டாது. கடுமையான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குத் தீனிபோடும் சாட்சியம்தான் இல்லை.

கைபேசி இருக்கும்போது அமீனா எதற்கு என்பது இளைய வக்கீல்களின் கேள்வி. மின்னஞ்சலும் ஃபேக்ஸும் 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு கட்டளை 5க்குள் நுழைந்தன. கொரோனாவின்போது, 2020 ஜூலையில், வாட்ஸ்அப் வழியாக அனுப்பவும் உச்ச நீதிமன்றம் இடம்கொடுத்தது. அதே நீதிமன்றம், காவல்துறை முன் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. தனிமனித சுதந்திரம் பறிபோகும் இடத்தில் அனுப்பியது போதாது, சேர்ந்தது தெரிய வேண்டும் என்பதே அதன் கவலை. நீலக் குறியை அணைத்துவைக்கலாம், எண்ணை மாற்றலாம், அந்த எண் யாருடையது என்பதே தகராறாகலாம். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் என்ஸ்டெப் செயலி அமீனாவின் கையில் இருக்கும் கைபேசியிலிருந்து இருப்பிடத்தையும் படத்தையும் பதிவுசெய்கிறது. நல்ல கருவி; திண்ணையில் உட்கார்ந்து அறிக்கை எழுதும் பழக்கத்துக்கு அது முடிவுகட்டும். ஆனால் அமீனா அங்கே போனார் என்பதற்குத்தான் அது சாட்சி. பூட்டிய கதவின் படம், உள்ளே ஆள் இருந்தாரா என்று சொல்லாது.

தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் உண்டு. கூரியர் மூலம் சம்மன் அனுப்ப வழிசெய்த திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2005இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்துக்கே பொய்க் குறிப்பு எழுதும் கூரியர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்தது. முழுக்கத் தனியாரை நம்பிய ஊரின் கதை இன்னும் மோசம். 2009இல் நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், சம்மன் கொடுக்காமலே கொடுத்ததாகச் சத்தியம் செய்த ஒரு நிறுவனத்தின் மூலம் பெறப்பட்ட சுமார் 1 லட்சம் ஒருதலைப்பட்சத் தீர்ப்புகளை நீக்கக் கோரி வழக்குப் போட்டார். பெரும்பாலும் கடன் வசூல் வழக்குகள், ஏழைகள். காகிதத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், கதவைத் தட்டுகிற நேரம் நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அமீனாக்களே காசு வாங்கிக்கொண்டு ‘ஆள் இல்லை’ என்று எழுதுவதில்லையா? உண்டு, வக்கீல் குமாஸ்தாக்கள் இதைக் குரல் தாழ்த்தாமலே சொல்கிறார்கள். வீட்டை அடையாளம் காட்ட வாதி தரப்பு ஆள் கூடவே போவதால், வண்டிச் செலவு, டிபன் என்று தொடங்கும் கடமைப்பாடும் சேர்ந்துவிடுகிறது. இதை மறுத்துவிட்டு அமீனாவுக்காகப் பேச முடியாது. ஆனால் இந்தப் பேரம் உயிர்வாழ்வதே ஒற்றை வரி அறிக்கையில்தான். பெயரும் முகவரியும் நேரமும் கேள்வியும் பதிலும் எழுதப்பட்ட அறிக்கையைப் பொய்யாக எழுதுவது கடினம். எழுதினாலும், அதில் பெயர் சொல்லப்பட்ட டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் உடைந்துவிடும். ஒரே மாதிரியான அச்சு வரி யாரையும் மாட்டிவிடாது, அதுதான் அதன் வசதி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சம்மன் தாமதத்தில் ஒரு பகுதி யாரும் ஒளிந்ததால் வந்ததில்லை, சம்மன் அனுப்புவதற்கான பேட்டாவை வாதி கட்டாததால் வந்தது. நாசர் பிரிவிலிருந்து புறப்படாத சம்மனுக்கு அமீனா பொறுப்பாளி ஆகமாட்டார்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. அறிக்கைப் படிவத்தில் யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது, வீட்டில் ஆள் புழங்கும் அடையாளம் என்ன, எந்தெந்த நேரத்தில் போனார் என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். அவற்றை நிரப்ப நேரம் கிடைக்கும்படி ஒருவர் கையில் கொடுக்கும் சம்மன்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். அலைச்சலுக்குரிய படி வாதியின் பையிலிருந்து வராமல் அரசிடமிருந்து வர வேண்டும். 19ஆவது விதியின் விசாரணை சில வழக்குகளிலாவது உண்மையாக நடக்க வேண்டும்; தன் வரிகளுக்காகக் கூண்டில் நிற்க நேரும் என்று தெரிந்தவர் வேறு மாதிரி எழுதுவார். கதவில் ஒட்டுவது 1908இல் இருந்த ஊருக்குப் போட்ட விதி. இன்றைய ஊர் மாறியதை ஒப்புக்கொள்ள அரசுக்கும் தெரியும்: ஜப்தி அறிவிப்பைப் பறையடித்துச் சொல்லலாம் என்று சட்டப் புத்தகத்தில் இன்னும் இருந்தாலும், தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். படிவத்தை மாற்ற நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. கட்டளைகளையும் விதிகளையும் தன் எல்லைக்குத் திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அதை அமீனாவின் படிவத்திலிருந்து பயன்படுத்தத் தொடங்கட்டும்.