அன்னமும் அறிவும்

வீராம்பட்டினக் கரையில் மீன் வாங்கச் சென்றிருந்தபோது, பிள்ளை பெற்ற மகளுக்கெனப் பால்சுறா தேடி நின்ற மூதாட்டி ஒருவரைக் கண்டேன். தாய்க்குப் பால் சுரக்கும் என்பது நெய்தல் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. சேயின் மூளை வளர்ச்சிக்கும் அவ்விளம்பருவ உணவே அடிப்படை என்பது அறிவியல் கண்ட உண்மை.

இதற்குக் கடல்கடந்த சான்றொன்று உண்டு. குவாத்தமாலாச் சிற்றூர்கள் சிலவற்றில் 1969 முதல் 1977 வரை புரதம் மிகுந்த கஞ்சி வழங்கினர். பிறந்த ஈராண்டுக்குள் அதனைப் பெற்றவர்கள், புரதமற்ற இன்பானம் பெற்ற அயலூராரைவிட, வளர்ந்தபின் வாசித்துணரும் திறனில் மேம்பட்டிருந்தனர். பாலூட்டலின் நிறைவுக் காலமாகத் திருமறை கூறுவதும் ஈராண்டே!

வகுப்பறையில் ஒருவனை ‘மந்தன்’ என்னுமுன், அவன் தொட்டிலில் பசித்திருந்தானோ என ஆசிரியராகிய நாம் எண்ணுதல் வேண்டும். கல்விக்கு வாரி வழங்கும் நம் பெரியோர், கருவுற்ற ஏழைத்தாயின் உணவுக்கும் ஒரு பங்கு அளிப்பார்களாக! கல்லூரியின் அடிக்கல் அங்கேதான் நாட்டப்படுகிறது.