ஐங்கோட்டின் அடியில் தமிழ்

இசையை எழுத்தில் வடிக்கும் முறைகள் பல. அவற்றுள் மேலைநாட்டார் கண்ட ஸ்டாஃப் நொட்டேஷன், ஒலியின் ஏற்றத்தாழ்வைத் தாளின் ஏற்றத்தாழ்வாகவே காட்டுவது. ஐந்து கோடுகளில் மேலேறிய குறி உயர்ந்த சுரம். கீழிறங்கிய குறி தாழ்ந்த சுரம். எனவே இம்முறையில் மேல்கீழ் இடம் யாவும் பொருளுடையது.

1501இல் வெனிஸ் நகரில் பெத்ரூச்சி, ஒரே தாளைப் பலமுறை அச்சேற்றிக் கோடும் குறியும் சொல்லும் பதித்து இசைநூல் வெளியிட்டார். பின்னாளில் உலோகத் தகட்டில் ஐம்பல் கருவியால் கோடிழுத்த கைவினைஞர், விடவேண்டிய வெளியைக் கண்ணளவாலேயே முடிவு செய்தனர். 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராசர் கீர்த்தனைகளை இம்முறையில் வெளியிட்டமை தமிழர் மறவாதிருக்க வேண்டிய செய்தி. இன்று அப்பணி கணினியினுடையது.

நம் துறை விழாவுக்கென ஒரு பண் அமைந்தது. மாணவியர்க்கு மேல் ஸ்டாஃப், மாணவர்க்குக் கீழ் ஸ்டாஃப். இருவர் சொற்களும் வேறு. அச்சகம் ஒன்று தந்த படியில் மாணவியர் பாட வேண்டிய வரி இரு ஸ்டாஃப்களுக்கும் நட்ட நடுவே நின்றது. ஒத்திகையில் மாணவர் அதனைத் தமதெனக் கொண்டு பாடிவிட்டனர். "ஐயா, இவ்வரி எங்களதா, அவர்களதா?" என்றான் ஒருவன். வினா நியாயமானதே, தாள் அதற்கு விடை கூறவில்லை.

ஆர்மோனியம் வாசிக்க இசைந்த பெரியவர், இளமையில் பாண்டு வாத்தியக் குழுவில் இருந்தவர். அவர் குறை வேறு. "தம்பி, ஒரு கை துருத்தியில், மறு கை கட்டையில். இரண்டாம் தாளைத் திருப்ப எனக்கு ஏது கை?" என்றார். எழுபதைக் கடந்தவருக்கு எழுத்தும் சிறுக்கலாகாது.

நாம் லில்லிபாண்ட் என்னும் மென்பொருளை நாடினோம். நெதர்லாந்து நாட்டு இருவர் 1996இல் தொடங்கியது, விலையின்றிக் கிடைப்பது. பழந்தகட்டு அச்சின் அழகை மீட்பது அதன் நோக்கம். சுட்டியால் இழுத்து நகர்த்தும் வேலை இதில் இல்லை. வேண்டியதை எழுதிக் கொடுத்தால் அது பக்கமாக்கித் தரும். தமிழாசிரியர்க்கு இஃது இசைவான வழி என்பது நம் கருத்து.

இடைவெளிக்கு அது நான்கு அளவுகளைக் கேட்கிறது: இயல்பான தொலைவு, குறைந்த அளவுத் தொலைவு, பேடிங், நீளும் தன்மை. குறைந்த அளவுத் தொலைவு, ஸ்டாஃபின் நடுக்கோட்டுக்கும் சொல்லின் அடிக்கோட்டுக்கும் இடையே அளக்கப்படுவது. பேடிங்கோ, மை படாத வெற்றிடத்தின் அளவு. ஒற்றின் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே எழ, 'ஞு', 'று' போன்றவற்றின் கால் கீழே நீளும் தமிழுக்குப் பேடிங்கே காவல். துணைக்கோட்டில் தொங்கும் தாழ்சுரம் புள்ளியின் தலையில் இடித்தால், அது மெய்யா உயிர்மெய்யா என்பதே விளங்காது போகும்.

சொல்வரிக்கு உறவுள்ள ஸ்டாஃப் எது, உறவில்லாதது எது என்பதையும் மென்பொருள் பிரித்தறிகிறது. உறவில்லாத கீழ் ஸ்டாஃபுக்கும் சொல்லுக்கும் இடையே பேடிங்கை 3 ஆக உயர்த்தினோம். இவ்வளவின் அலகு ஸ்டாஃபின் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளி. 20 பாயின்ட் ஸ்டாஃபில் ஏறத்தாழ 1.75 மி.மீ. வரி உடனே தன் உறவின் பக்கம் சேர்ந்தது.

ஆனால் பண் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிற்று! ஸ்டாஃபை 18 பாயின்டாகக் குறைத்தோம். அலகும் உடன் குறைந்தமையால் எல்லா வெளிகளும் சுருங்கின. பாடலெழுத்தின் அளவை மட்டும் தனியே உயர்த்திப் பழைய பருமனில் நிறுத்தினோம். இப்போது பக்கத்தின் அடியில் வெறுமை எஞ்சியது. கடைசிப் பக்கத்தை லில்லிபாண்ட் தானாக நீட்டுவதில்லை. ஒரே பக்கமுள்ள பண்ணுக்கு அதுவே கடைசிப் பக்கம். அவ்விதியை விலக்கி, சொல்லுக்கும் அதன் ஸ்டாஃபுக்கும் இடையே நீளும் தன்மையைப் பூச்சியமாக்கினோம். ஸ்டாஃப் இணைகளுக்கு இடையே மிகுத்தோம். எஞ்சிய வெளியின் பெரும்பகுதி பாடகர் மூச்செடுக்கும் இடங்களில் போய் அமர்ந்தது.

விழாவில் பெரியவர் முன் ஒற்றைத் தாளே இருந்தது. மாணவரும் தம் வரியிலேயே நின்றனர். அவ்வளவுகள் துறைக் கணினியில் தனிக்கோப்பாக உள்ளன. வேண்டும் மாணாக்கர் படியெடுத்துக் கொள்ளலாம்.