ரயில் நின்ற ஊர்... பசியாற்றிய புதுக்குடி!

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில், சுமார் 30 கி.மீ தூரத்தில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். குமரகுருபரர் பிறந்த ஊர். நவதிருப்பதிகளில் முதல் தலமான கள்ளபிரான் கோயில் உள்ள ஊர். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டும் இங்குதான். சுற்றிலும் வாழையும் நெல்லுமாகப் பச்சைப் பசேல் என்றிருக்கும்.

இந்த அழகான ஊரின் பெயர் 2023 டிசம்பரில் நாடு முழுக்க ஒலித்தது. காரணம், மழை!

ஒரே நாளில் 95 செ.மீ

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென் மாவட்டங்களில் விடாமல் கொட்டியது மழை. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது சுமார் 95 செ.மீ! தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன.

அன்றிரவு 8.25-க்கு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அடுத்து வரும் பாதையில் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துவிட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். அதை அங்கேயே நிறுத்திவைத்த முடிவுதான் அத்தனை உயிர்களையும் காப்பாற்றியது.

சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதற்குள் சாலையும் மூழ்க, மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர், மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை.

வீட்டு அரிசி, ஊர் அடுப்பு

அப்போது முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி கிராம மக்கள். அவர்களும் வெள்ளத்துக்கு நடுவேதான் இருந்தார்கள். கடைக்குப் போக வழியில்லை. ஆனாலும் வீட்டில் இருந்த அரிசி, பருப்பைச் சேர்த்து, கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் பசியை ஆற்றியது அந்தச் சாப்பாடு.

பிறகு ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஒரு கர்ப்பிணி உள்ளிட்ட சிலர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். டிசம்பர் 19 அன்று தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மற்ற பயணிகளைப் பத்திரமாக வெளியே அழைத்து வந்தார்கள். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டார்கள் பயணிகள்.

மாவட்டத்தின் மற்ற பகுதிகளில் இன்னொரு படை இறங்கியிருந்தது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து, மூழ்கிய தெருக்களில் மக்களை மீட்டார்கள். கடலில் ஓடிய படகு, தெருவில் ஓடியது!

நாம் என்ன செய்யலாம்?

பெருவெள்ளத்தில் அரசுப் படைகள் வந்துசேர நேரமாகும். முதல் சில மணி நேரம் அக்கம்பக்கத்தினர்தான் துணை. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே சில ஏற்பாடுகள் அவசியம்.

* உங்கள் தெருவில் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று தெரிந்துவைத்திருங்கள்.
* டார்ச், பவர் பேங்க், மருந்துகள், குடிநீர், ஆவணங்களை ஒரே பையில் வையுங்கள்.
* மேடான பள்ளி, மண்டபம் எது என்று முன்பே பேசிவையுங்கள்.
* மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. போனில் மட்டுமல்ல, சுவரிலும் எழுதிவையுங்கள்!

அடுத்த முறை திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்க ரயிலில் போகிறீர்களா? ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். 800 பேர் உயிர் பிழைத்த இடம் அது.