பேர் மட்டும் தந்தாப் போதும்

2025 பங்குனியில், உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், எங்களில் ஒருத்தியின் வீட்டுப் படலையில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் அவளின் அப்பாவோடு படித்தவர். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியும் கடலைப் பற்றியும் கதைத்துவிட்டு, போகிற நேரத்தில்தான் விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. கூட்டத்துக்கும் வரத் தேவையில்லை. பேர் மட்டும் தந்தாப் போதும்."

எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. சொல்லி என்ன, ஊரில் எல்லாக் கட்சியும் அந்தக் கிழமை இப்படித்தான் வீடு வீடாய்த் திரிந்தது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு என்ற சட்டம் 2018 தேர்தலில் முதல் தரம் நடைமுறைக்கு வந்தது. வட்டாரங்களில் நிற்பவர்களில் 10 வீதமாவது பெண்கள் வேண்டும், மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்கள் வேண்டும். அவ்வளவு பேர் இல்லாவிட்டால் வேட்புமனு நிராகரிக்கப்படும். ஆகவே படித்த, வாய் காட்டாத, சொந்தக்காரர் பலம் உள்ள பெட்டைகளின் பெயர்களுக்கு அந்த நாட்களில் நல்ல விலை.

நாங்கள் நாலு பேர். வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, நயினாதீவு. அன்றிரவு இரண்டு மணி வரைக்கும் வாட்ஸப்பில் சண்டை. குடு, உள்ளே போனாத்தான் எதையும் செய்யலாம் என்று இரண்டு பேர். குடாதை, உன்ர பேரை வைச்சு அவங்கள் கதிரை பிடிப்பாங்கள் என்று மற்றவள். கேட்கப்பட்டவள் மட்டும் கனநேரம் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி போட்டாள்: "அனந்தியக்காவையும் இப்பிடித்தான் வந்து கேட்டிருப்பினமோ?"

2013இல் எங்களுக்குப் பதினொரு, பன்னிரண்டு வயது. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். அனந்தி சசிதரன் என்ற பெயர் சுவரொட்டியில் கிடந்தது நினைவிருக்கிறது, வேறொன்றும் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

கிளிநொச்சிக் கச்சேரியில் வேலை செய்த ஒரு அரச ஊழியர். மூன்று பெண் பிள்ளைகளின் தாய். கணவர் எழிலன், விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்தவர். 2009 மே 18, வட்டுவாகலில் பிரான்சிஸ் யோசப் அடிகளாரோடு சரணடைந்தவர்களில் எழிலனும் ஒருவர் என்பதை அனந்தி அன்றுமுதல் சொல்லிவருகிறார். தானும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் அது நடந்தது என்கிறார். நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னாலும் சொன்னார், பிறகு ஆட்கொணர்வு மனுப் போட்டு வவுனியா நீதிமன்றத்திலும் சொன்னார். அரச சம்பளம் எடுத்துக்கொண்டு, சந்திக்குச் சந்தி ஆமி நின்ற காலத்தில், ஒரு பெண் தன் பெயரையும் முகத்தையும் காட்டி இதைச் சொன்னார் என்பதை இப்போது வாசிக்கும்போதும் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு நிற்கிறது. நாங்கள் முகநூலில் ஒரு கருத்துப் போடவே இரண்டு தரம் யோசிக்கிறவர்கள்.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நிறுத்தியது. வாக்களிப்புக்குச் சற்று முன்னரான இரவில் ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று அவர் வீட்டைத் தாக்கியது. செப்டம்பர் 21, வாக்களிப்பு நாள் காலையில் அவர் அரச பக்கம் மாறிவிட்டார் என்று செய்தி போட்டு, உதயன் பேப்பரைப் போலவே அச்சடித்த ஒரு போலிப் பேப்பர் உலாவியது. ஒரு வேட்பாளரைத் தோற்கடிக்க முழுப் பத்திரிகையையே போலியாக அடிக்க வேண்டியிருந்தது என்றால், அவருக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் பாருங்கோ.

முடிவு வந்தபோது அவருக்கு 87,870 விருப்பு வாக்குகள். அவருக்கு மேலே ஒரே ஒருவர்தான், முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரன், 1,32,255. 38 பேர் கொண்ட சபையில் மக்கள் வாக்கால் தெரிவான ஒரே பெண் அவர்.

தீவாருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அவர் எங்கட பக்கத்து ஆள் இல்லை. ஆனால் 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் பிடித்துக்கொண்டு போன ஆண்கள் திரும்பி வரவே இல்லை. 2006இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற் போனார். மண்டைதீவுக்காரியின் அம்மம்மா 90இல் ஒரு மகனைக் குடுத்தவ. "குடுத்தவ" என்று நாங்கள் சொன்னால் அவவுக்குக் கோபம் வரும். "நான் குடுக்கேல்லை, கொண்டுபோனவங்கள்" என்பா. 2013இல் அம்மம்மா ஆட்டோ பிடித்துப் போய், கையில் இலக்கம் எழுதிக்கொண்டு, அந்தப் பிள்ளைக்குத்தான் புள்ளடி போட்டவவாம். காரணம் கேட்டோம்.

"இருபத்துமூண்டு வருசமா நான் சொன்னதை ஒருத்தரும் எழுதேல்லை. அவ சொன்னா எழுதுறாங்கள்."

ஆனால் புங்குடுதீவுக்காரியின் பெரியம்மா வன்னியில் இருந்தவ. இயக்கம் கட்டாயமாய்ப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை ஒன்றின் தாய். "நான் அவவுக்குப் போடேல்லை. அதுக்கு மேல என்னட்டைக் கேக்காதை" என்றதோடு எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா. இந்த இரண்டு பேருமே எங்கட குடும்பம். ஒருத்தி சொன்னதை மட்டும் எழுதினால் கட்டுரை நல்லாய் ஓடும், ஆனால் அது நடந்த கதை இல்லை.

பிறகு நடந்தவற்றை வாசித்தபோதுதான் எங்களுக்கு உண்மையில் கோபம் வந்தது. 2013 ஒக்டோபரில் மாகாண அமைச்சரவை பதவியேற்றது. முதலமைச்சரோடு நாலு அமைச்சர்கள். நாலு பேரும் ஆண்கள். மாவட்டத்தில் இரண்டாவது கூடிய வாக்கு எடுத்தவருக்கு அமைச்சு இல்லை. 2015 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி எடுத்த முடிவுக்கு மாறாக நின்றார் என்று தமிழரசுக் கட்சி அவரை இடைநிறுத்தியது. அந்த வருடப் பொதுத் தேர்தலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வாக்குச் சேர்க்கும்போது அவரின் கண்ணீர் தேவைப்பட்டது, அவரின் அபிப்பிராயம் தேவைப்படவில்லை. எங்கட வீட்டுப் படலையில் வந்து நின்றவர் கேட்டதும் இதைத்தானே?

2017 யூனில், பழைய அமைச்சர்கள் சிலர் போன பிறகு, அவருக்கு மகளிர் விவகாரம், சமூக சேவை, புனர்வாழ்வு, கூட்டுறவு எல்லாம் சேர்ந்த அமைச்சு வந்தது. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிட்டத்தட்ட பதினாறு மாதம். ஆளுநரின் கையில் அதிகாரம், கொழும்பின் கையில் காசு. அந்த நிலைமையில் பெரிதாய் என்ன செய்திருக்கலாம் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர் அமைச்சராகச் செய்ததை விட, அமைச்சு இல்லாமல் பேசியதுதான் நிற்கும் என்பது எங்கட அபிப்பிராயம். பிறகு ஈழத் தமிழர் சுயாட்சிக் கழகம் என்று தனிக்கட்சி தொடங்கினார். 2020 பொதுத் தேர்தலில் விக்னேஸ்வரனின் கூட்டணியில் நின்று தோற்றார். கணவரைத் தேடுவதை மட்டும் விடவில்லை.

இன்னொன்றும் எங்கள் கண்ணில் குத்தியது. 1932இல் அரசாங்க சபைக்குப் போன நேசம் சரவணமுத்து, தேர்தல் மனுவில் கணவர் இழந்த ஆசனத்துக்கு நின்றவர். 1998இல் யாழ்ப்பாண மாநகர முதல்வராகி நாலே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட சரோஜினி, 1989இல் கொல்லப்பட்ட யோகேஸ்வரனின் மனைவி. 2010இல் பாராளுமன்றம் போன விஜயகலா, 2008 புதுவருடத்தன்று கோயிலில் சுடப்பட்ட காரைநகர் மகேஸ்வரனின் மனைவி. எல்லாரின் கையிலும் ஒரு ஆம்பிளையின் படம். படம் இல்லாத எங்களிடம் வெறும் பெயரைக் கேட்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று எடுப்பதா என்று புங்குடுதீவுக்காரி கேட்டாள். அதற்குச் சிரித்தோம், பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கேட்கப்பட்டவள் அந்த மாமாவுக்கு அழைப்பு எடுத்தாள். பேர் தருகிறேன், ஆனால் மூன்று விசயம் என்றாள். பட்டியலில் இருந்து ஆளைத் தெரியும்போது தன்னிடமும் கேட்கவேண்டும். சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு முன்னம் தான் வாசிக்கவேண்டும். கூட்டங்களில் கதைக்க விடவேண்டும்.

"கேட்டுச் சொல்லுறன் பிள்ளை" என்றார்.

சொல்லவில்லை. கிழமை முடிய வேட்புமனு குடுத்தாச்சு என்று கேள்விப்பட்டோம். அவளின் இடத்தில் வேறொரு பிள்ளையின் பெயர். எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவ, நல்ல அமைதி. பட்டியலில் இருந்து சபைக்கும் வந்துவிட்டா. நாங்கள் கொஞ்சம் இளக்காரமாய்க் கதைத்தது உண்மை. ஆனால் சில அமர்வுகள் போன பிறகு அவ எழும்பி, படகுத் துறை மலசலகூடத்தின் கதவுக்கு ஏன் இவ்வளவு காலமாய்க் கொழுக்கி இல்லை என்று கேட்டிருக்கிறா. பக்கத்தில் இருந்தவர் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாராம். அவ இருக்கவில்லையாம்.

அடுத்த அமர்வைப் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். பொதுமக்கள் பார்க்கிறதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டுமாம். கடிதம் எழுதி நாலு பேரும் கையெழுத்து வைத்தாச்சு. நயினாதீவுக்காரி மட்டும் முதல் படகுக்கு வெளிக்கிட வேணும், பின்னேரப் படகு பிந்தினால் வேலணையில்தான் படுக்கவேண்டும்.