பள்ளத்துக்குள் மஞ்சள் மனிதர்

அப்போது எங்கள் ஊரில் மரம் அறுக்க இயந்திரம் வந்திருக்கவில்லை. ஆசாரித் தெருவின் கோடியில், புளியமரத்தடியில், ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் குறுக்கே இரண்டு கட்டைகளைப் போட்டு அதன்மேல் மரத்தை உருட்டி ஏற்றுவார்கள். ஒருவர் மரத்தின்மேல் நின்று வாளை மேலே இழுப்பார். இன்னொருவர் பள்ளத்துக்குள் நின்று கீழே இழுப்பார். கொட்டுகிற தூள் எல்லாம் உள்ளே இருப்பவர் தலையில்தான். வேம்பு அறுத்தால் செம்பட்டைத் தூள். பக்கத்தில் நின்றாலே தொண்டை கசக்கும். பலா அறுக்கிற நாளில் மட்டும் பள்ளத்திலிருந்து ஒரு மஞ்சள் மனிதர் ஏறி வருவார். புருவம், மீசை, காதுமடல், மார்பு மயிர் எல்லாம் மஞ்சள். திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொண்டவர்கூட அவ்வளவு மஞ்சளாக இருந்து நான் பார்த்ததில்லை. நாலாம் வகுப்பு முடிய அந்தப் பள்ளத்தின் கரைதான் எனக்குத் திண்ணை.

பண்ருட்டிப் பக்கம் பிறந்தவனுக்குப் பலா என்றால் பழம். சித்திரை, வைகாசியில் கூழைப் பலாவின் மணம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். தாத்தா தச்சர் என்பதால் எனக்கு அது பழத்துக்கு முன்பே மரம். பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு என்று செம்மண் காட்டு ஊர்களில் யார் தோப்பில் எந்த மரம் காய்ப்பு நின்றுவிட்டது, எதன் அடி எத்தனை முழம் என்று அவருக்கு விரல்நுனியில் கணக்கு இருந்தது. மற்றவர்கள் மரத்தை அண்ணாந்து காயை எண்ணுவார்கள். தாத்தா அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளப்பார்.

1975-ல் எங்கள் வீட்டுக் கொல்லை மரத்தையே வெட்ட வேண்டி வந்தது. பாட்டி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. வேரில்கூடக் காய்த்த மரம் அது. ஆனால் மூன்று வருஷமாகக் கைக்கு அடங்கும் பிஞ்சுகளாக விட்டு உதிர்த்துக்கொண்டிருந்தது. தாத்தா தேய்பிறைக்குக் காத்திருந்தார். வளர்பிறையில் வெட்டினால் புழு அரிக்கும் என்பது அவர் சட்டம். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. வெட்டுகிற அன்று காலை மரத்தைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னீங்க தாத்தா என்று கேட்டதற்கு, “உன்கிட்டயா சொன்னேன்?” என்றார்.

கோடாலி விழுந்த இடத்தில் பால் கசிந்தது. பலாப்பால் ஒட்டினால் தண்ணீரில் போகாது, எண்ணெய்தான் கேட்கும். பழம் அறுக்கிற கத்திக்கு எண்ணெய் தடவுகிற அதே கதைதான் வாளுக்கும். மேலே நிற்பவர் இடுப்பில் எண்ணெய்த் துணி ஒன்றைச் செருகியிருப்பார். மரம் சாய்ந்ததும் தாத்தா செய்த முதல் வேலை, வெட்டு முகம் இரண்டிலும் சாணி மெழுகியது. வீட்டுத் தரைக்குத்தான் சாணி என்று நினைத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரத்தின் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகத்தான் போகும். வெட்டு முகம் வழியாக வேகமாக ஓடும். முனை மட்டும் முந்திக் காய்ந்து சுருங்கினால் வெடித்துவிடும். சாணி அந்த வேகத்தை மட்டுப்படுத்துகிறது. இவ்வளவையும் அவர் ஒரே வரியில் முடித்தார்: “வாய மூடலன்னா வெடிச்சிடும்டா, உன்ன மாதிரி.”

நிழலில் பல மாதம் கிடந்து காய்ந்த பிறகுதான் பலகைகள் பட்டறைக்கு வந்தன. காவியில் தோய்த்த நூலை ஒரு முனையில் நான் பிடிக்க, மறுமுனையை அவர் இழுத்துச் சுண்டிவிடுவார். மஞ்சள் பலகைமேல் செங்கோடு விழும் அந்த ஒரு ‘டப்’ சத்தத்துக்காக நான் பள்ளிக்கூடத்தையே மறந்திருக்கிறேன். அதன் பிறகு இழைப்புளி. இங்கேதான் பலா தன் குணத்தைக் காட்டும். தேக்கில் இழைப்புளி போனால் சுருள் சுருளாக, அறுபடாமல் வரும். பலாவில் ஒரு சாண் தூரம் வழுவழுவென்று போகும், அடுத்த சாணில் பேத்துக்கொண்டு வரும். திருப்பிப் போட்டு இழைத்தால் முன்பு நன்றாக இருந்த இடம் பேரும். “இது ரெண்டு மனசு மரம்” என்பார் தாத்தா. மரம் வளரும்போது நார் சில வருஷம் வலப்பக்கமாகச் சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது, பிறகு சில வருஷம் இடப்பக்கமாக. வெட்டிப் பலகை போட்டால் இரண்டு ஓட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அலகைத் தீட்டி, ஒரு மயிரளவு மட்டும் வெளியே நீட்டி, இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாகப் போனால் படியும். படிந்த பலகையை வெயிலில் பிடித்தால் பட்டுப் பாவாடைபோல ஒரு பட்டை மின்னும், ஒரு பட்டை இருளும். பலகையைத் திருப்பினால் இருண்டது மின்னும்.

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, மணை செய்ய. மரத்தின் நடுவில் இருப்பது வைரம், மஞ்சள். அதைச் சுற்றித் தோலுக்கு அடுத்து இருப்பது வெளுத்த பகுதி. அதை நாங்கள் வெள்ளை என்போம். என் துண்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. மஞ்சளுக்குக் கரை போட்டதுபோல அழகாக இருக்கிறதே என்று சீவாமல் விட்டுவிட்டேன். தாத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு மணையை எடுத்தால், அடியில் மாவு சலித்ததுபோல் தூள். கரை முழுக்க ஊசித்துளைகள். வைரத்தில் ஒரு துளை இல்லை. பூச்சி துளைத்துக்கொண்டே வந்து, மஞ்சள் தொடங்குகிற கோட்டில் திரும்பிப் போயிருந்தது. கரையானும் அப்படித்தான், வைரத்தை அவ்வளவு எளிதில் தொடாது. “படிச்சிருச்சு பாரு பூச்சி, நீதான் படிக்கல” என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பலாவை அவர் எல்லாவற்றுக்கும் போடமாட்டார். கதவு, அலமாரி, பெட்டி, மணை, ஊஞ்சல் பலகை வரைக்கும் சரி. உத்திரம் என்று யாராவது கேட்டால் தேக்குக்கோ பனைக்கோ அனுப்பிவிடுவார். எடையில் தேக்குக்குக் கிட்டத்தட்ட வந்தாலும் சுமை தாங்குவதில் பலா அதற்கு ஈடில்லை. பாரம் ஏறினால் சொல்லாமல் முறியும் என்பார்.

அடிமரத்தின் பெருத்த பாகத்தை மட்டும் அறுக்கவிடாமல் ஓரமாகப் போட்டிருந்தார். அதற்கென்று தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்தார், வீணைப் பட்டறைக்காரர். விலை பேசுவதற்கு முன் விரல் கணுவால் கட்டையை அங்கங்கே தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கோயில் மணியும் மேளமும் கேட்டு வளர்ந்த மரமென்றால் நாதம் கூடும் என்று அவர் சொல்ல, எங்கள் கொல்லை மரம் கேட்டதெல்லாம் பாட்டியின் வசவுதானே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. வீணையின் குடம், தண்டி, யாளித் தலை எல்லாமே பலாதான். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. பாகம் பாகமாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. குடத்தை உள்ளே குடைந்துகொண்டே போய்ச் சுவரை மெல்லிசாக்கினாலும் பலா வெடிக்காமல் நின்று கொடுக்கிறது. தண்டியின்மேல் மெழுகு வார்த்து 24 மெட்டு. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் கேட்டது அந்த விரல் கணுவின் சத்தம்தான்.

மிருதங்கக் கட்டையும் பலா, தவிலும் பலா, கஞ்சிராவின் வளையமும் பலா. நாதஸ்வரம் மட்டும் ஆச்சா மரம். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டும்போது ஆச்சாவும் பலாவும் பேசிக்கொள்கின்றன என்று தாத்தா பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். அவர் ரசத்துக்குக் கையேந்திக்கொண்டு தலையாட்டுவார்.

அறுத்த தூளைப் பாட்டி விடவில்லை. கோபம் தணிந்த பிறகு ஒரு மண்பானையில் தூளைப் போட்டுக் கொதிக்கவைத்து, படிகாரம் சேர்த்து, வெளுத்துப்போன தாவணி ஒன்றை முக்கி எடுத்தாள். பழுத்த எலுமிச்சையின் நிறம். அக்கா அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இரண்டு தடவை தேவையில்லாமல் நடந்தாள். இலங்கையிலும் பர்மாவிலும் புத்த பிக்குகளின் துவராடைக்கு இந்தப் பலாக் கட்டையைத்தான் கொதிக்கவைத்தார்கள் என்பதும், அந்த மஞ்சளுக்கு வேதியியலில் மோரின் என்று பேர் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. பாட்டியிடம் சொன்னேன். “அப்ப நம்ம தாவணிக்கும் புண்ணியம்தான்” என்றாள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது தாத்தா இல்லை. நான் பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். முந்திரியும் பலாவும் வேரோடு புரண்டு கிடந்தன. வழி நெடுக இயந்திர வாள் வைத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாலையின் இருபுறமும் மஞ்சள் தூள், குவியல் குவியலாக. வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எண்ணெய்த் துணிக்காரரையும் பள்ளத்துக்குள் இருந்தவரையும் யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை. பள்ளம் இருந்த இடத்தில் கைப்பேசி கோபுரம் நிற்கிறது.

கொல்லை மரத்தில் தாத்தா செய்த அலமாரி இப்போது என் வீட்டில் இருக்கிறது. செய்த புதிதில் அது வாழைப்பழ மஞ்சளாக இருந்தது. பலாவின் மஞ்சள் வெளிச்சம் படப்பட மாறும். தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகி, இப்போது காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில் நிற்கிறது. அதன் கதவில் ஓர் ஆணி. மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரி காலண்டரை வருஷா வருஷம் அந்த ஆணியில்தான் மாட்டுவது. போன மார்கழியில் வெள்ளையடிப்பதற்காகப் பழைய காலண்டரைக் கழற்றினேன். அதற்கு அடியில் கட்டமாக ஒரு மஞ்சள். புது மஞ்சள் இல்லை. சுற்றியிருக்கும் நிறத்தோடு வைத்துப் பார்த்தால் மஞ்சள்தான். வருஷத்துக்கு வருஷம் காலண்டரின் அளவு மாறியதால் ஓரங்களில் மட்டும் படிப்படியாகப் பழுப்பேறியிருந்தது. வேலைக்கு வந்த பையன், “வார்னிஷ் அடிச்சு ஒரே நிறமாக்கிடலாமா சார்?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதுக் காலண்டர் கொஞ்சம் சிறியது. அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் தெரிகிறது.