சிவந்த தகடு



என் படிப்பறை மேசையில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் இருப்பதை வீட்டுக்கு வந்துபோகும் உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே பூட்டியது. ஓர் இசிசி 83, ஓர் இஎல் 84, அவ்வளவுதான்.

சென்ற மாதம் அது சுகவீனப்பட்டது. முதல் இருபது நிமிடங்கள் பாட்டு தெளிவாகக் கேட்கும், பிறகு கரகரக்கும். அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். இஎல் 84-இன் உள்ளே தகடு சிவந்துகொண்டிருந்தது. இழை ஒளிர்வது இயல்பு. தகடு ஒளிர்வது ஆபத்து. அந்தத் தகடு தாங்கக்கூடியது 12 வாட் மட்டுமே.

வால்வுதான் கெட்டது என்று தீர்த்துவிட்டேன். அதை விற்ற கடைக்காரரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். ஒரு போதகர் பேசக்கூடாத தொனியில் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் மறுபேச்சின்றி வேறொன்றை அனுப்பினார். அதுவும் சிவந்தது. மறுபடியும் அழைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, கிரிட்டுல எத்தனை வோல்ட் நிக்குதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை.

முதல் வால்வின் தகட்டில் ஏறத்தாழ 160 வோல்ட் நிற்கிறது. பாட்டின் அலை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்குக் கடந்துபோக வேண்டும். அந்த மின்னழுத்தம் கடக்கலாகாது. நடுவே காவல் நிற்பது 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று. கடைத்தெருவில் கண்டன்சர் என்பார்கள். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய காகித மின்தேக்கியை அந்த இடத்தில் பொருத்தியவன் நானே. பழையது இனிமையாகப் பாடும் என்று அப்போது ஒரு மயக்கம்.

அதைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 0.1 என்றே காட்டியது. ஆனால் மீட்டர் சோதிப்பது மிகக் குறைந்த மின்னழுத்தத்தில். வெப்பமும் 160 வோல்ட்டும் சேர்ந்து அழுத்தும்போது நடப்பதை அது அறியாது. ஆகவே மின்தேக்கியை மறுபடி பொருத்தி, பெட்டியை நன்றாகச் சூடேறவிட்டு, அணைத்து, இஎல் 84-ஐ மட்டும் கழற்றினேன். அதன் கிரிட் முனையில் மீட்டரை இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட். வால்வை அடக்கி வைக்கவேண்டிய கிரிட்டே அதை மிதமிஞ்சி ஓடத் தூண்டியிருக்கிறது.

(வாலிபர்களே, இதை வாசித்துவிட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அதை ஒரு மின்தடை வழியாக வடியவிட்டு, மீட்டரில் சரிபார்க்காமல் நான் உள்ளே விரல் வைப்பதில்லை.)

புதிய பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கியின் விலை ஒரு தேநீருக்கு மேல் இல்லை. அதைப் பற்றவைத்து, நான் குற்றஞ்சாட்டிய அந்த முதல் இஎல் 84-ஐயே திரும்பச் செருகினேன். இரண்டு மணி நேரம் பாடியது. தகடு கறுத்தே இருந்தது.

கடைக்காரரை மூன்றாம் முறை அழைத்தேன். அனுப்பிய வால்வுக்குரிய பணத்தைத் தருவதாகச் சொல்லி, என் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமில்லை.

“அந்தப் பழைய கண்டன்சரைத் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல?” என்றார்.